ஒளிப்பதிவுக்கு வந்த நோயாளிகள்

நாடகப் பிரிவில் புதிதாகப் பணியேற்றிருக்கும் இளைய நண்பர்களே,

சென்ற திங்கள் நீங்கள் என்னைக் காண வந்தபோது எல்லாரும் ஒரே வினாவைத்தான் கேட்டீர்கள். “‘மேய்ப்பர் மாளிகை’யின் ஆறாம் பகுதியில் வரும் அந்தக் கடைசி வசனத்தை எப்படி ஐயா எழுதினீர்கள்?” நான் வழக்கம்போல் புன்னகைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை உங்கள் பக்கம் நகர்த்தினேன். பல்லாண்டுகளாக அவ்வினாவுக்கு நான் அளித்துவரும் விடை அந்தப் புன்னகைதான். நேர்மையான விடை வேண்டுமெனில், முறிந்த கால் ஒன்றைப் பற்றியும் என் தமிழ்ப்பற்று விளைத்த பிழை ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல நாணினேன். எழுத்தில் அத்துணை நாணம் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொலைக்காட்சித் தொடர் என்பதே தமிழகத்துக்குப் புதிது. நான் எழுதியதும் தயாரிப்புப் பொறுப்பேற்றதும் ஒரு நகைச்சுவைத் தொடர். போதகர் ஒருவர், அவர்தம் துணைவியார், மைந்தர் இருவர் என நால்வர் கொண்ட செல்வக் குடும்பம். போதகர் எளிமையைப் பற்றிப் பேசிவிட்டு மாளிகையின் பளிங்குப் படியில் ஏறும்போது, காலணியைத் துடைக்க ஒருவர் குனிந்திருப்பார். துணைவியார், ஏழைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு ஏற்ற எளிய புடவையைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார். மைந்தர் இருவரும் தந்தைக்குப் பின் மேடை யாருக்கு என்று மேடையிலேயே, இறைவணக்கத்துக்குக் கண்ணை மூடியபடியே, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்கள்.

நம்பிக்கையை நாங்கள் நகையாடவில்லை. நம்பிக்கையை வைத்துப் பிழைத்தவர்களைத்தான் நகையாடினோம். எங்கள் ஒப்பனையாளர் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவர். அவரே போதகரின் முகத்துக்கு மாவு பூசியபடி, “இன்னும் கொஞ்சம் மினுமினுப்பு வேணும் சார், நான் பாத்திருக்கேன்” என்பார்.

போதகராக நடித்தவர் நாடக மேடையில் நாற்பதாண்டு கண்டவர். பெயர் சொல்லப்படுவதை விரும்பாதவர் ஆதலால் இங்கும் சொல்லவில்லை. என்னைப் ‘புலவரே’ என்று அழைப்பார். அதில் மதிப்பு எத்துணை, கேலி எத்துணை என்று நான் இன்றுவரை பிரித்தறிந்ததில்லை.

ஆறாம் பகுதியின் கதை இது. போதகர் குடும்பம் மலைவாழ் மக்களுக்கு நோய் நீக்கும் கூட்டம் நடத்தச் செல்கிறது. உண்மையான நோக்கம், அயல்நாட்டு அன்பர்களுக்கு அனுப்பப் புகைப்படம் எடுப்பது. இதைப் பதிவு செய்யச் சவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர்த் திடலைத் தேர்ந்தெடுத்தோம். மாசி மாதம், புளி உலுக்கும் காலம். ஊரே புளிய மரங்களின் மேல் இருந்தது.

காட்சிக்குப் பெருங்கூட்டம் தேவை. ஆகவே முந்தின நாள் சந்தையில் ஓர் அறிவிப்புச் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தயாரிப்பு மேலாளர் பஷீர், வாணியம்பாடிக்காரர். தோல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, தோல் வாடையிலிருந்து தப்பிக் கலையுலகுக்கு வந்தவர். அவ்வட்டாரத்தின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் படிப்பதற்காக நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் இருமுறை படித்தார்.

“நாளை முற்பகல் இத்திடலில், நோய் நீக்கும் பெருங்கூட்டத்தின் ஒளிப்பதிவு நிகழவிருக்கிறது. பொதுமக்கள் திரளாக வருகை தந்து ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்.”

அயற்சொல் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெருமிதமாக இருந்தது.

“சார், இதுல ஷூட்டிங்குன்னு ஒரு வார்த்த போட்டுக்கலாமா?” என்றார் பஷீர். “ஜனங்களுக்கு டக்குன்னு புரியும்.”

“ஒளிப்பதிவு என்ற அழகிய சொல் இருக்கையில் அது எதற்கு?”

“அழகாத்தான் கீது சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது போய் சேரணுமே.”

“தமிழ் தமிழருக்குப் போய்ச் சேராதா, பஷீர்?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஊர்ல ஒரு பெருசுகிட்ட படிச்சுக் காட்டிட்டு வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். அவர் சந்தைக்குப் போய், ஓர் எழுத்தும் பிசகாமல் படித்துவிட்டு வந்தார். அவர் ஒரு சொல்லையும் மாற்றாததால், பிற்பாடு பழியை அவர்மேல் போட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அதுவே எனக்கு எதிரான சான்றாகவும் ஆயிற்று.

மறுநாள் காலை நூறு பேர் வந்தால் போதும் என்றிருந்தோம். முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கிழவிகளைத் தோளில் கைபோட்டு நடத்தி வந்தார்கள். கைக்குழந்தைகளை ஏந்தி வந்தார்கள். “பார்த்தீர்களா பஷீர், தமிழின் வலிமையை!” என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “எல்லாரும் இருமிக்கினே வர்றாங்களே சார்” என்றார்.

முதலில் வந்த முதியவர் ஒருவர் நேரே படக்கருவியின் முன்னால் போய் நின்றார். மேற்சட்டையைக் கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். கண்ணாடி வில்லையின்மேல் மார்பைப் பொருத்தி, “மூச்ச இழுத்துப் புடிச்சிக்கட்டுங்களா?” என்றார்.

ஒளிப்பதிவாளர் திகைத்துப் பின்வாங்கினார். முதியவர் மூச்சைப் பிடித்தபடி கன்னம் உப்பி நின்றார். அவருக்குப் பின்னால் நால்வர் சட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தனர். அதைக் கண்ட எங்கள் குழுவினர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலைமக்களுக்கு இத்துணை நகைச்சுவை உணர்வா என்று வியந்தேன்! அப்பொழுதே ஒருவரை அழைத்து ஏன் என்று கேட்டிருந்தால், பின்னர் நடந்ததில் பாதி நடந்திராது. கூட்டம் சேர்ந்த களிப்பில் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த காட்சிக்கு ஆயத்தமாகும்படி கையசைத்தேன்.

காட்சி இதுதான்: போதகரின் வெண்ணிற மகிழுந்து திடலுக்குள் நுழையும். போதகர் வெள்ளங்கி அசைய இறங்குவார். நடக்க இயலாத ஒருவரைக் கம்பில் கட்டிய தூளியில் சுமந்து வருவார்கள். போதகர் கையை உயர்த்தி, “எழுந்து நட!” என்பார். அவர் எழுந்து நடப்பார். ஏனெனில் அவர் போதகரின் கூலியாள். அந்தக் கூலியாள் வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு துணைநடிகரை அழைத்து வந்திருந்தோம்.

மகிழுந்து வந்தது. போதகர் இறங்கினார். கம்பில் கட்டிய தூளியோடு நால்வர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் ஒரு பெண் தலைவிரிகோலமாக வந்து போதகரின் காலில் விழுந்தாள்.

“சாமி! நேத்து புளி உலுக்கப் போய் மரத்துலருந்து வுழுந்துட்டாரு சாமி! காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. நீங்களே பாருங்க!”

எவ்வளவு இயல்பான நடிப்பு, யார் பிடித்து வந்தார்கள் இவளை என்று எண்ணினேன். அப்போதுதான் என் அருகே யாரோ தேநீர் உறிஞ்சும் ஒலி கேட்டது. திரும்பினேன். தூளியில் இருக்க வேண்டிய துணைநடிகர் குவளையோடு என் பக்கத்தில் நின்று அந்தக் காட்சியை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகராக நின்ற நடிகர் குனிந்து தூளிக்குள் கிடந்தவரின் காலைத் தொட்டார். முழங்காலுக்குக் கீழே திரண்டு கறுத்திருந்தது. பாதத்தைத் தொட்ட கை அப்படியே நின்றது. அவர் சொல்ல வேண்டிய வசனம் ‘எழுந்து நட’. முந்நூறு பேர் காத்திருந்தார்கள். படக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பெண்ணின் தோளைப் பற்றித் தூக்கினார்.

“அம்மா, எழுந்திரு. நான் சாமியும் இல்ல, டாக்டரும் இல்ல. இது கூத்து. நான் வேஷம் கட்டினவன்.”

கூட்டம் முழுதும் அச்சொல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அந்தப் பெண், பெயர் குப்பம்மாள் என்று பின்னர் அறிந்தோம், கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“கூத்தா? பகல்லயா?”

“ஆமாம்மா.”

“கூத்துன்னா ராத்திரி ஆடுவாங்க. பட்டப்பகல்ல இன்னா கூத்து? லைட்டு போட்டு ஒடம்புல கீற நோவ பதிவு பண்ணுவாங்கன்னு நேத்து மைக்குல சொன்னாங்களே! ஒளியால பதிவுன்னு எங்க கொழுந்தனாரு காதால கேட்டாரே! அத நம்பித்தானே காத்தாலப் பஸ்ஸ வுட்டுட்டு இங்க தூக்கியாந்தோம்!”

இப்போது எனக்குப் புரிந்தது. காசநோய்க்கு நெஞ்சைப் படமெடுக்கும் ஊர்தி முன்பொருமுறை அடிவாரத்துக்கு வந்திருக்கிறது. நோய், ஒளி, பதிவு என்னும் மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் கேட்ட மக்கள், அந்த ஊர்தி மலையேறி வருகிறது என்று கொண்டார்கள். அவர்கள் கொண்டதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. நான் எழுதியது அப்படித்தான் பொருள்பட்டது.

“மைக்குல படிச்ச ஆளு எங்க?” என்றாள் குப்பம்மாள்.

எல்லாரும் பஷீரைப் பார்த்தார்கள். பஷீர் என்னைப் பார்த்தார். “படிச்சது நானு. எழுதுனது அவரு.”

“கூத்துன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

என் வாழ்நாளில் என் தமிழ்நடை குறித்து வந்த திறனாய்வுகளுள் இதனினும் சுருக்கமானது ஒன்று இல்லை.

தூளியில் கிடந்தவர், அவள் கணவர் வெள்ளையன், முதன்முறையாக வாய் திறந்தார். “அவருகிட்ட கத்தாத. சாயங்காலம் பஸ் கீது.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். நடிகர் என்னருகே வந்து தாழ்ந்த குரலில், “பாதம் சில்லுன்னு இருக்கு, புலவரே. சாயங்காலம் வரைக்கும் தாங்காது” என்றார்.

அங்கிருந்த வண்டிகள் இரண்டு. மின்னாக்கியைச் சுமந்த பார ஊர்தி ஒன்று; அது மலைப்பாதையில் ஊர்ந்து இறங்கவே அரைநாள் ஆகும். மற்றொன்று அந்த வெண்ணிற மகிழுந்து. அது இல்லாமல் அன்றைய காட்சி இல்லை. மறுநாள் நடிகருக்குச் சென்னையில் நாடகம். பகுதியை முடிக்காமல் திரும்பாதீர் என்று மேலதிகாரி எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

ஒளிப்பதிவாளர் நல்லவர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “சார், வண்டி உள்ள வர்ற ஷாட்ட மட்டும் இன்னொரு தடவ எடுத்துட்டு அனுப்பிடலாம். பத்தே நிமிஷம்.”

நண்பர்களே, நான் ‘சரி’ என்று சொல்ல வாய் திறந்தேன். மறைப்பதற்கில்லை. பத்து நிமிடம் என்பது மிக நியாயமாகவே தோன்றியது. நெருக்கடியில் நம்மிடம் வரும் தவறான யோசனைகள் எல்லாம் நியாயமான அளவில்தான் வருகின்றன. பெரிய அளவில் வந்தால் யாரும் ஏமாற மாட்டோம்.

நடிகர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அந்தப் பத்து நிமிஷத்தை உம்ம கதையில வர்ற போதகர் கேட்டிருந்தா, நீர் அவருக்கு என்ன வசனம் எழுதியிருப்பீர்?”

எனக்கு உடனே தெரிந்தது. ‘ஆண்டவரின் பணி பத்து நிமிடம் காத்திருக்காது, நோயாளி காத்திருக்கலாம்’ என்று எழுதியிருப்பேன். நாடே சிரித்திருக்கும்.

மகிழுந்தின் பின்னிருக்கையில் வெள்ளையனைக் கிடத்தினோம். குப்பம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் ஓட்டுநரை அடுத்து நானும், வெள்ளங்கியோடே நடிகரும் நெருக்கி அமர்ந்தோம். உடைமாற்ற நேரமில்லை. சட்டையைக் கழற்றி நின்ற முதியவர் மட்டும் கடைசிவரை நம்பிக்கை இழக்கவில்லை. வண்டி கிளம்பும்போதும் சன்னலருகே வந்து, “அப்ப எனக்கு எப்போ?” என்று கேட்டார். அன்று மாலைக்குள் பஷீர் அவரையும் இருமியவர்களையும் பேருந்தில் ஏற்றி மருத்துவரிடம் அனுப்பி வைத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வளைவுகளில் வண்டி இறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சாமி வேஷம். சரி. இந்தக் காரு?”

“கார் நெஜம்மா” என்றார் நடிகர்.

“டிரைவரு?”

“அவரும் நெஜம்.”

“அப்ப வெரசா ஓட்டச் சொல்லுங்க.”

திருப்பத்தூரில் மருத்துவமனை வாயிலை அடைந்ததும் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வெண்ணிற வண்டியிலிருந்து வெள்ளங்கியும் மார்பில் சிலுவையுமாக ஒருவர் இறங்கக் கண்ட வாயிற்காவலர், தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு, “ஐயா வந்துகீறாரு! வழி வுடுங்க!” என்று கத்தினார். நொடியில் தள்ளுகட்டில் வந்தது. ஆட்கள் விலகினார்கள். ஐந்து பகுதிகளாக நான் கிண்டல் செய்துவந்த அந்த அங்கி எனக்கு முன்னால் கதவுகளைத் திறந்துகொண்டு போயிற்று. நடிகர் நடையில் ஒரு பிசகும் இல்லை. இடையிடையே கையை உயர்த்தி வாழ்த்தவும் செய்தார்.

மருத்துவர் பரிவோடு கேட்டார்: “முதல்ல ஒரு ஜெபம் பண்றீங்களா, ஐயா?”

“அதெல்லாம் வழியிலேயே முடிச்சிட்டேன் டாக்டர். நீங்க ஊசியப் போடுங்க.”

மருத்துவர் அன்று மாலை எங்களிடம் வந்து, கால் தப்பியது என்றார். மாலைப் பேருந்தில் வந்திருந்தால் அந்தச் சொல்லைத் தம்மால் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்ட குப்பம்மாள், தான் வாங்கிய தேநீரில் பாதியை வேறொரு குவளையில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. குடித்தேன்.

சென்னை திரும்பியதும் மேலதிகாரி பதிவுநாடாவைப் பார்த்தார். படக்கருவி நிறுத்தப்படாமலே இருந்திருக்கிறது. குப்பம்மாள் ஓடிவந்து விழுவது, அவள் அழுகை, நடிகரின் கை பாதத்தில் நின்றது எல்லாம் அதில் இருந்தன. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இதான்யா தொடரோட உயிர்! அவ கால்ல விழற வரைக்கும் வச்சுக்கோ. ‘கூத்து’ன்னு சொல்றதுக்கு முன்னாடி வெட்டிடு. அழுகாத ஆளே இருக்க மாட்டான்.”

அவர் சொன்னது தொழில்முறையில் முற்றிலும் சரி. ஆனால் அழுகின்ற ஏழையைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும் ஒரு குடும்பத்தைத்தான் ஐந்து பகுதிகளாக நாம் ஏளனம் செய்திருக்கிறோம். ஆறாம் பகுதியில் நாமே அந்த மாளிகைக்குக் குடிபோக வேண்டுமா என்று கேட்டேன். அவருக்குச் சினம் வந்தது. பகுதி இல்லையேல் தொடரே நின்றுபோகும் என்றார். நின்றால் நிற்கட்டும், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அந்நாளில் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். அதே நாடாவில் மறுவாரம் உழவர்க்கான நிகழ்ச்சி ஒன்று பதிவாயிற்று: வெள்ளாடுகளுக்கு நோய்த்தடுப்பு. அந்த நாடாவின் வழியே நோய் நீங்கியது யாருக்கேனும் உண்டெனில் அது ஆடுகளுக்குத்தான்.

மேலதிகாரி மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, வெற்று நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கவலை சினத்தை வென்றது. “ஒரே ஒரு நாள். அதுக்கு மேல கேக்காதே” என்றார்.

மீண்டும் மலையேறினோம். இம்முறை நான் அறிவிப்பு எழுதவில்லை. பஷீர் நேரே குப்பம்மாளிடம் போய் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டார். சந்தையின் நடுவே நின்று அவள் முழங்கியதை நான் சொல் பிசகாமல் குறித்து வைத்திருக்கிறேன்:

“நாளிக்குப் பகல் கூத்து! பொட்டிக்குள்ள புடிக்கிற கூத்து! சாமியாரு வேஷம் கட்டிக்கினு ஒருத்தரு பொய் பொய்யா சொல்வாரு, நாம நம்புற மாதிரி ஒக்காந்துக்கணும். நோவு கீறவங்க யாரும் வராதீங்க, திருப்பத்தூரு போங்க! லைட்டு போட்டாலும் இதுல ஒரு மண்ணும் தெரியாது!”

தொடரின் கதையையும் அதன் கருத்தையும் இதைவிடத் தெளிவாக எவரும் உரைத்ததில்லை. ஆண்டுக்கணக்கில் ‘ஒளிப்பதிவு’ என்னும் சொல்லுக்காக வாதாடிய நான், அதனினும் பழைய தமிழ்ச்சொல் ஒன்று அம்மக்களின் நாவிலேயே இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் கூட்டம் வந்தது. ஒருவரும் இருமவில்லை. தூளி மட்டும் ஒரு சிக்கலாயிற்று. மாவுக்கட்டுப் போட்ட காலோடு வெள்ளையன் அதில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்தார். “நெஜ நொண்டி நானு இங்க கீறேன். மெட்ராஸுலருந்து நல்ல காலுக்காரர எதுக்குக் கூட்டியாந்தீங்க?” துணைநடிகர் தேநீர்க் குவளையோடு மீண்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

வெள்ளையனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தோம்: போதகர் ‘எழுந்து நட’ என்றதும் மெல்ல எழுவதுபோல் அசைந்தால் போதும், மற்றதை வெட்டி ஒட்டிக்கொள்வோம். அவர் தலையாட்டினார். மகிழுந்து வந்தது. வெள்ளங்கி அசைந்தது. மைந்தர் இருவரும் ஒலிவாங்கிக்கு முண்டியடித்தார்கள். துணைவியார் எளிய புடவையில் நின்றார். போதகர் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி இடிபோல் முழங்கினார்:

“எழுந்து நட!”

வெள்ளையன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“முடியாதுங்க சாமி. ஆறு வாரம் காலு ஊணக்கூடாதுன்னு திருப்பத்தூரு டாக்டரு சொல்லிக்கீறாரு. இன்னும் மூணு வாரம் கீது.”

திடல் வெடித்தது. நடிகர் வேடத்திலிருந்து நழுவவில்லை; முகத்தில் ஒரு கோடும் மாறாமல் மூத்த மைந்தன் பக்கம் திரும்பி, “மூன்று வாரம் கழித்து வந்து குணமாக்குவோம், குறித்துக்கொள்” என்றார். படக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. இம்முறை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் ஏதும் இல்லை.

நீங்கள் கேட்ட அந்தக் கடைசி வசனம், நடிகரின் மறுமொழியைக் கிளப்பிவிட்ட வெள்ளையனின் அந்த வரிதான். அதற்காகக் கடிதங்கள் வந்தன. எங்கள் ஒப்பனையாளரின் ஆலயத்துப் போதகரே நேரில் வந்து என் கையைப் பற்றிக் குலுக்கினார். எல்லாரிடமும் நான் புன்னகைத்தேன். திரையில் ‘கதை, வசனம்’ என்னும் எழுத்துகளின் கீழே என் பெயர் மட்டும் ஓடியது. ஊரை ஏமாற்றும் குடும்பத்தைப் பற்றி எழுதிய தொடரில் அந்த ஒரு வரி என் பெயரில் நிற்பது எனக்கு ஒருநாளும் உறுத்தாமல் இருந்ததில்லை.

ஆகவே, அந்தத் தொடரை நீங்கள் மீண்டும் ஒளிபரப்பப் போவதாகச் சொன்னீர்களே, பெயர்ப் பட்டியலில் ஒரு திருத்தம் செய்யுங்கள். வசனம் என்பதற்கு நேரே முதலில் வெள்ளையன். அறிவிப்பு என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, அதன் எதிரே குப்பம்மாள். என் பெயரை அவற்றின் கீழே போட்டால் போதும்.